செரட்டோனின் கூடினால் போதுமா? எந்த ஏற்பி என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில், செல்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருளான செரட்டோனின் பற்றி இரண்டு வகைச் செய்திகள் மாறி மாறி வருகின்றன. 'வாழைப்பழம் சாப்பிட்டால் செரட்டோனின் கூடும், மனம் மகிழும்' என்பது ஒரு வகை. 'இன்ன மூலிகையில் உள்ள வேதிப்பொருள் செரட்டோனின் ஏற்பியுடன் இணைகிறது, மனச்சோர்வுக்கு மருந்து தயார்' என்பது இன்னொரு வகை. இரண்டிலும் நடுவே இருக்க வேண்டிய பகுதி விடுபட்டுப் போகிறது. ஏற்பி என்பது அப்படிப்பட்ட வேதிச் செய்தியைச் செல்லின் மேல் வாங்கிக்கொள்ளும் புரதம். ஒரு மூலக்கூறு ஏற்பியில் போய் உட்காருவது வேறு. அந்த ஏற்பியை இயக்குவது வேறு. எந்த உறுப்பில் எந்த ஏற்பியை இயக்குகிறது என்பது அதைவிட முக்கியமான கேள்வி. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காததற்கான விலையை நோயாளிகள் தங்கள் இதய வால்வுகளால் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாழைப்பழ விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அதில் செரட்டோனின் இருப்பது உண்மை. ஆனால் சாப்பிட்ட செரட்டோனின் மூளைக்குப் போவதில்லை. அதன் வாலில் உள்ள அமீன் தொகுதி, ரத்தத்தின் 7.4 பிஎச் அளவில் ஏறக்குறைய முழுவதுமாக நேர்மின்னூட்டம் பெற்றிருக்கும். அப்படிப்பட்ட மூலக்கூறு ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. உடலில் உள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. வாழைப்பழத்தை உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. செரட்டோனினை மிகுதியாகச் சுரக்கும் கார்சினாய்டு கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில், 24 மணி நேரச் சிறுநீரில் செரட்டோனினின் சிதைபொருளான 5-எச்ஐஏஏ அளவைப் பார்ப்பார்கள். அதற்கு முந்தைய சில நாட்கள் வாழை, அன்னாசி, தக்காளி, வால்நட் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இல்லையென்றால் கட்டி இல்லாதவருக்கும் அளவு உயர்ந்து காட்டும். சிறுநீர் சேகரிக்கும் புட்டியை வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

செரட்டோனின் ஏற்பி என்று ஒருமையில் எழுதுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. 1957-இல் காடம், பிகரெல்லி என்ற இருவர் கினிப்பன்றியின் குடல் துண்டை வைத்துச் செய்த சோதனையில், செரட்டோனின் இரண்டு தனித்தனி வழிகளில் அதைச் சுருங்கச் செய்வது தெரிந்தது. ஒரு வழியை மார்ஃபின் தடுத்தது, இன்னொன்றை டைபென்சிலின் தடுத்தது. இன்று ஏழு குடும்பங்கள் தெரியும். அவற்றுக்குள் 1ஏ, 1பி, 2ஏ, 2பி, 2சி என்று பன்னிரண்டுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரே மூலக்கூறு இவற்றில் ஒன்றைத் தொட்டால் குமட்டல், இன்னொன்றைத் தொட்டால் ரத்தக்குழாய்ச் சுருக்கம், வேறொன்றைத் தொட்டால் குடல் அசைவு.

சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்து, குடல் சுவரில் உள்ள செல்களிலிருந்து செரட்டோனினை வெளியே கொட்ட வைக்கிறது. அது, குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் வேகஸ் நரம்பின் பக்கத்திலுள்ள முனையில் 3-ஆம் குடும்ப ஏற்பியை இயக்க, வாந்தி வருகிறது. ஒண்டான்செட்ரான் அந்த இடத்தை முன்கூட்டியே அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் கீமோவுக்குப் பிறகு கொடுப்பதைவிட, ஏற்றுவதற்கு அரைமணி நேரம் முன்பே கொடுப்பது பலன் தருகிறது. குடல் அசைவிலும் அதே ஏற்பிக்குப் பங்கு இருப்பதால் மலச்சிக்கல் வருகிறது. ஒற்றைத் தலைவலிக்குத் தரும் சுமட்ரிப்டான், மூளையுறையின் ரத்தக்குழாய்களில் உள்ள 1பி ஏற்பியை இயக்கி அவற்றைச் சுருக்குகிறது. அதே 1பி இதயத் தமனிகளிலும் இருக்கிறது. எனவே மாரடைப்பு வந்தவர்களும் கரோனரி அடைப்பு உள்ளவர்களும் அதைத் தொடக்கூடாது. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்னொரு ஒற்றைத் தலைவலி மருந்தான லாஸ்மிடிடான் 1எஃப் ஏற்பியை மட்டும் குறிவைப்பதால் தமனியைச் சுருக்குவதில்லை. ஆனால் மூளைக்குள் நுழைந்து தலைசுற்றலும் தூக்கமும் தரும். சாப்பிட்ட 8 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது.

இனி ஏற்பிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 2ஏ ஏற்பியையே எடுத்துக்கொள்ளலாம். செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம் அது. அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி; கீழே வரும் எண்கள் அந்தச் சங்கிலியில் ஒவ்வொன்றின் இடத்தைக் குறிக்கின்றன. ஏழு சுருள்களும் வளைத்து நிற்க, நடுவே செல்லின் வெளிப்பக்கம் பார்த்த ஒரு குழி. மூன்றாவது சுருளில் 155-ஆம் இடத்தில் எதிர்மின்னூட்டம் கொண்ட ஆஸ்பார்டிக் அமிலம் இருக்கிறது. செரட்டோனினின் நேர்மின்னூட்ட அமீனை அது ஏறக்குறைய 3 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தொலைவில் பிடித்துக்கொள்கிறது. அந்த ஒரு அமிலத்தை மாற்றினால் பிடிப்பே போய்விடும். மூலக்கூறின் தட்டையான இண்டோல் வளையம், ஆறாவது சுருளில் உள்ள 339, 340-ஆம் ஃபினைலாலனைன்களை ஒட்டிப் படிகிறது. ஐந்தாவது சுருளின் 242-ஆம் செரின் ஹைட்ரஜன் பிணைப்பால் வளையத்தின் பக்கத்தைப் பற்றிக்கொள்கிறது. மூன்றாவது சுருளின் அந்த ஆஸ்பார்டிக் அமிலம் டோபமின், அட்ரினலின், ஹிஸ்டமின் ஏற்பிகளிலும் அதே இடத்தில் இருக்கிறது. மனநோய் மருந்து ஒன்று ஒரே நேரத்தில் டோபமின், செரட்டோனின், ஹிஸ்டமின் ஏற்பிகள் எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்து, பலனோடு தூக்கமும் எடை கூடுதலும் தருவதற்கு இதுவே அடிப்படை.

242-ஆம் இடத்தைப் பற்றி இன்னும் ஒரு விவரம். மனிதனில் அங்கே செரின் இருக்கிறது, எலியில் அலனின். இந்த ஒரே வித்தியாசத்தால் மெசுலெர்ஜின் என்ற பொருள் எலியின் 2ஏ ஏற்பியில் இறுகப் பிடித்து, மனித ஏற்பியில் நழுவிவிடுகிறது. 1பி ஏற்பியில் இது இன்னும் கடுமை. ஏழாவது சுருளில் மனிதனுக்கு 355-ஆம் இடத்தில் திரியோனின், எலிக்கு அதற்கு இணையான இடத்தில் அஸ்பராஜின். பின்டலால், பிராப்ரனலால் போன்ற இதய மருந்துகள் எலியின் 1பி-யில் நன்றாகப் பிடிக்கும், மனிதனுடையதில் பிடிக்காது. அந்த ஒரு அமினோ அமிலத்தை மட்டும் மனித ஏற்பியில் மாற்றினால், மனித ஏற்பி எலி ஏற்பியைப் போலவே நடந்துகொள்கிறது என்று 1992-இல் காட்டினார்கள். 'எலியில் வெற்றி' என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இந்த 355-ஆம் இடம் நினைவுக்கு வர வேண்டும்.

உட்கார்ந்தாயிற்று, இயக்குவது எப்படி? குழியின் அடியில் 336-ஆம் டிரிப்டோஃபான் இருக்கிறது. உட்கார்ந்த மூலக்கூறு அந்தப் பகுதியை நெருக்க, அதற்குக் கீழே ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும் புரோலின், ஐசோலூசின், ஃபினைலாலனைன் மூன்றும் இடம் மாறுகின்றன. மேலே ஓரிரு ஆங்ஸ்ட்ராம் அசைவுதான். ஆனால் செல்லின் உட்பக்கத்தில் ஆறாவது சுருளின் முனை 10 ஆங்ஸ்ட்ராம் வரை வெளியே விலகுகிறது. திறந்த பள்ளத்துக்குள், செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் ஜி-புரதத்தின் ஒரு முனை நுழைகிறது. நுழைந்ததும் அது பிடித்து வைத்திருந்த குவானோசின் டைபாஸ்பேட்டை விட்டுவிட்டு டிரைபாஸ்பேட்டை எடுத்துக்கொண்டு, இரண்டாகப் பிரிந்து வேலைக்குப் போகிறது. என்ன வேலை என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். 2-ஆம் குடும்பம் செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்தும். 4, 6, 7 ஆகியவை செல்லுக்குள் செய்தி பரப்பும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைக் கூட்டும். 1-ஆம் குடும்பம் அதைக் குறைப்பதோடு பொட்டாசியம் வாய்க்கால்களையும் திறந்துவிட்டு நரம்பணுவை அடக்கும். ஒரே செரட்டோனின் ஒரு செல்லைக் கிளப்பி, பக்கத்துச் செல்லை அமர்த்துகிறது. இப்படியிருக்க, 'செரட்டோனின் கூடியது' என்பதிலிருந்து மகிழ்ச்சியைப் பற்றி என்ன முடிவுக்கு வர முடியும்?

3-ஆம் ஏற்பி மட்டும் முற்றிலும் வேறு சாதி. ஐந்து துண்டுகள் வளையமாக நின்று, நடுவே அயனிகள் செல்லும் துளை. செரட்டோனின் இரண்டு துண்டுகளின் சந்திப்பில் உட்காருகிறது. அங்கே அதன் அமீனைப் பிடிப்பதில் 183-ஆம் டிரிப்டோஃபான் வளையத்தின் எலக்ட்ரான் மேகத்துக்குத்தான் பெரிய பங்கு. கலிபோர்னியாவின் கால்டெக் ஆய்வாளர்கள் அந்த வளையத்தில் ஃபுளோரின் அணுக்களை ஒன்றொன்றாகக் கூட்டினார்கள். எலக்ட்ரான் அடர்த்தி படிப்படியாகக் குறையக் குறைய, செரட்டோனினின் பிடிப்பும் அதே வரிசையில் தளர்ந்தது. ஏற்பியியலில் இவ்வளவு தெளிவான சான்று அரிது.

பாடப்புத்தகத்தில் பூட்டும் சாவியும் என்று சொல்லித் தருகிறோம். சாவி இல்லாமலே இந்தப் பூட்டு அவ்வப்போது தானாகத் திறந்து மூடும் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. ஏற்பி எப்போதும் ஓய்வு நிலைக்கும் இயங்கு நிலைக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கிறது. இயங்கு நிலையை அதிகம் விரும்பிப் பிடிக்கும் மூலக்கூறு முழு இயக்கி. ஓரளவே விரும்புவது பகுதி இயக்கி. இரண்டையும் சமமாகப் பிடிப்பது வெறும் தடுப்பி. ஓய்வு நிலையை மட்டும் பிடித்து, ஏற்கெனவே இருக்கும் கொஞ்ச இயக்கத்தையும் அணைப்பது எதிர்மறை இயக்கி. பார்க்கின்சன் நோயில் வரும் மாயக்காட்சிகளுக்காக 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிமவான்செரின் இந்தக் கடைசி வகை, குறி 2ஏ. பதற்றத்துக்குத் தரும் பஸ்பிரோன் 1ஏ ஏற்பியின் பகுதி இயக்கி. ஏற்பிகள் உபரியாக இருக்கும் செல்லில் அது முழு இயக்கி போலவே வேலை செய்யும், குறைவாக இருக்கும் செல்லில் பாதி வேலைதான். ஒரே மாத்திரை, ஒரே ஏற்பி, இரண்டு இடத்தில் இரண்டு விளைவு. எல்எஸ்டி என்ற போதைப்பொருளும் லிசுரைடு என்ற மருந்தும் இன்னொரு நல்ல உதாரணம். இரண்டும் 2ஏ ஏற்பியில் இறுகப் பிடிக்கும். அமைப்பிலும் நெருங்கிய உறவு. எல்எஸ்டி மாயக்காட்சி தருகிறது, லிசுரைடு வழக்கமான அளவில் தருவதில்லை. பிடிப்பின் எண்ணை மட்டும் பார்த்தவர் இரண்டையும் ஒன்றென்றே எழுதியிருப்பார்.

எல்எஸ்டி-யின் விளைவு ஏன் அரை நாளுக்கு நீள்கிறது என்பதற்கு 2017-இல் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு ஒரு விடை கண்டது. 2பி ஏற்பியில் எல்எஸ்டி உட்கார்ந்த நிலையில் அதன் படிக அமைப்பை எடுத்தபோது, செல்லுக்கு வெளியே உள்ள ஒரு வளைவு குழியின் மேல் மூடியாகக் கவிழ்ந்திருந்தது. 2ஏ ஏற்பியில் எல்எஸ்டி சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் சிக்கிக்கொள்கிறது. மூடியில் உள்ள ஒரு லூசினை அலனினாக மாற்றினால் வெகு சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. எவ்வளவு இறுக்கம் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்ததுதான் மருந்து.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள், எங்கே தவறுகிறது என்பது செய்தியாளர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது. பிணைப்பை அளக்க, ஏற்பியுள்ள சவ்வுத் துணுக்குகளை 50 மில்லிமோலார் டிரிஸ் கரைசலில், டிரிஷியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய, 2ஏ ஏற்பியைப் பிடிக்கும் கீட்டான்செரின் என்ற பொருளோடு ஊறவைப்பார்கள். சோதிக்கும் பொருளைப் படிப்படியாகக் கூட்டுவார்கள்; அது கீட்டான்செரினை ஏற்பியிலிருந்து தள்ளத் தள்ளக் கதிரியக்கம் குறையும். பிறகு கண்ணாடி இழை வடிதாளில் உறிஞ்சி வடித்து, பனிக்குளிர்ந்த கரைசலால் சட்டென்று கழுவி, மிஞ்சிய கதிரியக்கத்தை எண்ணுவார்கள். வடிதாளைப் பாலிஎத்திலீன் இமினில் நனைக்காமல் விட்டால் கீட்டான்செரின் தாளிலேயே ஒட்டிக்கொண்டு பொய்க் கணக்குக் காட்டும். செரட்டோனின் காற்றுப் பட்டுப் பழுப்பேறிவிடும் என்பதால் 0.1 சதவீதம் அஸ்கார்பிக் அமிலம் வேண்டும். மூளைத் திசுவாக இருந்தால் அதைச் சிதைக்கும் நொதியை அடக்க 10 மைக்ரோமோலார் பார்ஜிலின் சேர்ப்பது வழக்கம். கீட்டான்செரின் ஒரு தடுப்பி என்பதால் ஜி-புரதத்தோடு சேர்ந்த ஏற்பி, சேராத ஏற்பி இரண்டையும் பிடிக்கும். இயக்கிகளோ சேர்ந்ததைத்தான் இறுகப் பிடிக்கும். ஆகவே கீட்டான்செரினுக்கு எதிராக அளந்தால் செரட்டோனின் நலிந்ததாகத் தெரியும். கதிரியக்க அயோடின் ஏற்றிய டிஓஐ போன்ற இயக்கிக்கு எதிராக அளந்தால் அதே செரட்டோனின் பல மடங்கு வலுவாகத் தெரியும். எதற்கு எதிராக அளந்தது என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

இயக்கத்தை அளப்பதில் வேறு கண்ணிகள். செல் வளர்க்கும் கன்றுக்குட்டி ரத்தச் சீரத்திலேயே செரட்டோனின் இருக்கிறது. அதிலேயே இரவு முழுக்க ஊறிய செல்களின் ஏற்பிகள் காலையில் களைத்துப் போயிருக்கும். சவ்வூடு பிரித்துச் சுத்தம் செய்த சீரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். செல்லுக்குள் கால்சியம் உயர்வதை ஒளிர்ந்து காட்டும் சாயம் சில நொடிகளில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். எல்எஸ்டி போல மெல்ல உட்காரும் பொருள் அந்தச் சோதனையில் தன் உண்மையான வலுவைவிடக் குறைவாகவே தெரியும். செல்லில் ஏற்பிகளை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டால், பகுதி இயக்கிகூட முழு இயக்கியாக வேடம் போடும்.

இதயத்துக்கு வருகிறேன். உடல் மெலிய வேண்டி அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் ஃபென்ஃபுளூரமினை ஃபென்டர்மினோடு சேர்த்து உட்கொண்டார்கள். 1997-இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் அப்படி உட்கொண்ட 24 பெண்களின் வால்வுகள் தடித்து ஒழுகுவதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபென்ஃபுளூரமின் திரும்பப் பெறப்பட்டது. பிறகுதான் காரணம் தெளிந்தது. அந்த மருந்து 2பி ஏற்பியில் வலுவாகப் பிடிப்பதில்லை. கல்லீரல் அதை மாற்றி உண்டாக்கும் நார்ஃபென்ஃபுளூரமின் பிடிக்கிறது, இயக்கவும் செய்கிறது. வால்வின் இழைச் செல்களில் 2பி நிறைய உண்டு. அது நாள்தோறும் இயங்கினால் செல்கள் பெருகி வால்வு தடிக்கும். கார்சினாய்டு நோயாளிகளின் இதயத்தில் முன்பே பார்த்திருந்த அதே சேதம்தான் இது. பார்க்கின்சன் மருந்தான பெர்கோலைடும் இதே 2பி காரணத்தால் 2007-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதே வகை மருந்தான கேபர்கோலின் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டினைக் குறைக்க வாரத்துக்கு 0.5 முதல் 1 மி.கி. என்று சாப்பிடுவதும், பார்க்கின்சனுக்காகத் தினமும் சில மி.கி. சாப்பிடுவதும் வால்வைப் பொறுத்தவரை ஒன்றல்ல. ஃபென்ஃபுளூரமின் 2020-இல் டிராவே என்ற கடும் குழந்தை வலிப்புக்காக மறுபடி அனுமதி பெற்றது. தொடங்குமுன்பும், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறையும் எக்கோ எடுத்தே தீர வேண்டும். இன்று எந்த மருந்து நிறுவனமும் புதுப் பொருளையும், உடலில் அது மாறி உண்டாகும் பொருள்களையும் 2பி-யில் சோதிக்காமல் முன்னே போவதில்லை. மூலிகைப் பொருளுக்கும் அதே அளவுகோல்தான் பொருந்தும்.

மனச்சோர்வுக்குப் பெரிதும் எழுதித் தரப்படும் ஃபுளூவாக்சடின், எஸ்சிடலோபிராம் போன்றவை எந்த ஏற்பியையும் இயக்குவதற்காக வந்தவை அல்ல. செரட்டோனினை நரம்பு முனைக்குள் திரும்ப இழுக்கும் கடத்தியை அவை அடைக்கின்றன. கடத்தி சில மணி நேரத்திலேயே அடைபடும், மனநிலை தேறவோ வாரங்கள் ஆகும். செரட்டோனின் நரம்பணுவின் உடலிலேயே உள்ள 1ஏ ஏற்பி, 'போதும்' என்று தன் அணுவையே முதலில் அடக்கிவிடுவதும், அந்த ஏற்பி மரத்துப்போக வாரங்கள் பிடிப்பதும் இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. 'பத்து நாளாகியும் ஒன்றுமில்லை' என்று மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வலிக்காக டிராமடால், இருமலுக்காக டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், தொற்றுக்காக லைனசோலிட் என்று ஏதேனும் சேர்ந்தால், செரட்டோனின் அபாய அளவுக்கு ஏறலாம். உடல் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் வரும். கணுக்காலைச் சட்டென்று மேலே மடக்கினால் பாதம் விடாமல் துடிக்கும். இதுவே மருத்துவர்கள் முதலில் பார்க்கும் அடையாளம். சந்தேகப்பட்ட மருந்துகளை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே தரப்படும் மருந்துகளில் ஒன்று, 2ஏ ஏற்பியைத் தடுக்கும் சைப்ரோஹெப்டடின். நம் ஊரில் பிள்ளைகளுக்குப் பசி எடுக்க விற்கப்படும் சிரப்பில் உள்ளதும் அதுதான். வீட்டிலேயே அதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஃபுளூவாக்சடினின் சிதைபொருள் உடலில் வாரக்கணக்கில் தங்கும். நிறுத்திய பின்னும், செரட்டோனினைச் சிதைக்கும் நொதியை அடக்கும் எம்ஏஓ தடுப்பி வகை மருந்துக்கு 5 வாரம் இடைவெளி விடச் சொல்வது அதனால்தான்.

கடைசியாக, கணினியில் செய்யும் டாக்கிங் ஆய்வுகள். கல்லூரிகளில் இலவச மென்பொருளில் ஏற்பியின் அமைப்பை இறக்கி, மூலிகைப் பொருளைக் குழியில் பொருத்தி, 'மைனஸ் 9 கிலோகலோரி' என்று பிடிப்பின் வலுவைக் குறிக்கும் ஓர் எண்ணைப் பெறுகிறார்கள். மாணவர்கள் கற்க அருமையான பயிற்சி. ஆனால் அந்த எண்ணில் ஓரிரு கிலோகலோரி பிழை சாதாரணம், ஒன்றரை கிலோகலோரி பிழை என்றாலே பிடிப்பில் பத்து மடங்கு வித்தியாசம். இயங்கு நிலை அமைப்பில் பொருத்தினார்களா, ஓய்வு நிலையிலா என்பதைப் பொறுத்தும் எண் மாறும். பொருள் ஏற்பியை இயக்குமா தடுக்குமா என்று அந்த எண் சொல்லவே சொல்லாது. இப்படியோர் அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால் செய்தியாளர் ஆய்வாளரிடம் சில கேள்விகள் கேட்கட்டும். மனித ஏற்பியில், சோதனைக்குழாயில் பிணைப்பை அளந்தீர்களா? இயக்கியா, தடுப்பியா, எந்தச் சோதனையில்? 2பி-யில் பார்த்தீர்களா? பொருளும் அதன் சிதைபொருளும் மூளைக்குள் நுழைகின்றனவா? நான்குக்கும் பதில் 'இனிமேல்தான்' என்றால், அதைக் கல்லூரிச் செய்திகள் பகுதியில் போடுங்கள். மருந்துச் செய்தியாகப் போட்டால், மறுநாள் காலை யாரோ ஒருவர் தன் மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போவார்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர்,
திருச்சி.